குறைத்த எடையை ஆண்டுக்கணக்கில் காப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி அன்பர்களின் அனுபவம் வேண்டும்

மஞ்சக்குப்பத்தான்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எடையைக் குறைக்கும் வழிகள் எங்கும் கொட்டிக் கிடக்கின்றன. குறைத்த எடையைக் காப்பது குறித்துப் பேசுவோர் மிகக் குறைவு. எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. கடலூரில் நாற்காலியை விட்டு எழாத அலுவலக வேலை. 94 கிலோவாக இருந்த நான், தனியார் நிலையம் ஒன்றின் ஆறு மாதத் திட்டத்தில் சேர்ந்து 79 கிலோவுக்கு வந்தேன். வாரந்தோறும் எடை பார்த்தார்கள். சாப்பாட்டுக் குறிப்பேட்டை வரி விடாமல் படித்தார்கள். ஒரு வாரம் போகாவிட்டால் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டார்கள். திட்டம் முடிந்த நாளில் பாராட்டுச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகு ஒருவரும் அழைக்கவில்லை.

இப்போது 83 கிலோவில் நிற்கிறேன். அவர்கள் எழுதித் தந்த உணவு முறையைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறேன். காலை நடையையும் விடவில்லை. ஆனால் பசி முன்பைவிடக் கூடியிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் கால் தானாகச் சமையலறைப் பக்கம் போகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் எடையைக் காத்து வருபவர்கள் இருந்தால், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதோடு, உங்களுக்குத் துணையாக இருப்பவர் யார், எந்த வகையில் துணை செய்கிறார் என்பதையும் எழுத வேண்டுகிறேன்.

முதுநகர் வாசி

தம்பி, நீங்கள் உழைத்துக் குறைத்த எடை இது. அதைப் பாராட்டாமல் மேலே எழுத மனம் வரவில்லை. ஆனால் அடுத்தவர் தொலைபேசியில் அழைத்தால்தான் வாயைக் கட்ட முடியும் என்றால் அது எத்தனை நாளைக்கு நிற்கும்? நான் துறைமுகப் பக்கம் வளர்ந்தவன். வலை இழுத்தும் கூடை சுமந்தும் வாழ்ந்தவர்களுக்கு எடை பார்க்கும் கருவியே தேவைப்படவில்லை. உழைப்பு குறைந்தால் சோற்றைக் குறைக்க வேண்டும். அதற்கு வேண்டியது மன உறுதி ஒன்றுதான் என்பது என் கருத்து.

உணவியல் பணியாளர், புதுச்சேரி

முதுநகர் ஐயா சொல்லும் மன உறுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவள் என்ற முறையில், எடை திரும்புவதற்கு மன உறுதிக் குறைவே காரணம் என்ற எண்ணத்தோடு தலைகுனிந்து வருபவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். அந்த எண்ணம் அறிவியலுக்கும் பொருந்தவில்லை, அவர்களுக்கு நன்மையும் செய்யவில்லை. ஆகவே சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டும்.

எடை குறையும்போது உடல் அதை ஒரு பஞ்ச காலமாகவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்புத் திசு சுருங்கியதும் பசியை அடக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. 2011ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்து வெளியான ஆய்வில், மிகக் குறைந்த கலோரி உணவைப் பத்து வாரம் உட்கொண்டு எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்து மீண்டும் சோதித்தபோது, இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, பசியும் தணியவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றின் எடைக் குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் கெவின் ஹால் குழுவினர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பி வந்த பிறகும், ஓய்வில் இருக்கும்போது அவர்களின் உடல் செலவிட்ட ஆற்றல், அந்த உடலளவுக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கிலோ கலோரி குறைவாகவே இருந்தது.

இதைவிட முக்கியமானது பசியின் கணக்கு. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரையை எடுத்துக்கொண்ட நீரிழிவு நோயாளிகளின் எடையைத் தொடர்ந்து கணித்து, அதே குழுவினர் ஒரு மதிப்பீட்டுக்கு வந்தார்கள். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் ஆற்றல் செலவு நாளுக்கு 20 முதல் 30 கிலோ கலோரி வரை குறைகிறது. ஆனால் உண்ணத் தூண்டும் விசை ஏறத்தாழ 100 கிலோ கலோரி கூடுகிறது. மஞ்சக்குப்பம் அன்பர் குறைத்தது 15 கிலோ. மாலை ஆறு மணிக்கு மேல் அவருக்கு வரும் பசி கற்பனை அன்று. உடல் தன் இழப்பை ஈடுகட்டக் கேட்கும் பசி. வெறும் உறுதியோடு நாள் முழுதும் அதை எதிர்த்து நிற்பவர் ஏதோ ஒரு நாள் சோர்வார். அந்த நாளில் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் உண்டு. அது அவருடைய நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. 2008இல் அமெரிக்காவில் வெளியான அந்த ஆய்வில், ஆறு மாதக் குழுத் திட்டத்தில் குறைந்தது 4 கிலோ குறைத்த 1,032 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் தம் போக்கில் விடப்பட்டார்கள். இன்னொரு பிரிவினருக்கு இணையவழிக் கருவி தரப்பட்டது. மூன்றாம் பிரிவினரிடம் ஆலோசகர் ஒருவர் மாதம் ஒரு முறை பேசினார். பெரும்பாலான மாதங்களில் ஐந்து முதல் பதினைந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு, நான்கு மாதத்துக்கு ஒரு முறை நேரில் சந்திப்பு. முப்பது மாதம் கழித்து, தம் போக்கில் விடப்பட்டவர்களுக்குச் சராசரியாக 5.5 கிலோவும், இணையவழிப் பிரிவினருக்கு 5.2 கிலோவும், ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு 4 கிலோவும் திரும்பியிருந்தன. வேறுபாடு மலையளவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோவைக் காத்தது மாதம் பத்து நிமிடப் பேச்சு. அதைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும் மருந்து எதையும் நான் அறியேன்.

அந்தத் தனியார் நிலையம் எதுவாயினும் சரி, துணை மிகவும் தேவைப்படும் கட்டம் தொடங்கும் நாளில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவைப்பது நம் ஊர் எடைக் குறைப்புத் திட்டங்கள் பலவற்றிலும் நான் காணும் குறை. கட்டணம் வாங்கும்போதே அடுத்த ஈராண்டுக்கு மாதம் ஒரு அழைப்பையும் அதில் சேர்க்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

லாஸ்பேட்டை வாசகி

உணவியல் அம்மா எழுதியதைப் படித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் ஒன்று இறங்கியது. நான் இரண்டாம் பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஏறிய எடையில் பெரும்பகுதியைக் குறைத்துப் பல ஆண்டுகளாகக் காத்து வருகிறேன். கூட்டுக் குடும்பம், ஏழு பேருக்குச் சமையல். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய். எங்கள் வீட்டில் மாதத் தொடக்கத்தில் தலைக்கு அரை லிட்டர் என்று அளந்து தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிடுவோம். அந்த மாதத்துக்கு அவ்வளவுதான். ஒருவருக்கு நாளுக்கு மூன்று தேக்கரண்டி வரும். இருபதாம் தேதி பாத்திரத்தின் அடி தெரிந்தால் மீதி நாள்களுக்கு அவியலும் ஆவியில் வேகவைத்ததும்தான். மாமியார் தொடக்கத்தில் வருத்தப்பட்டார். அவருக்கும் கொழுப்பு கூடுதல் என்று மருத்துவர் சொன்ன பிறகு, பாத்திரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். எனக்காக மட்டும் தனிச் சமையல் என்று வைத்திருந்தால் இது நீடித்திருக்காது. வீட்டுக்கே ஒரே சமையல் என்றானதும் யாருக்கும் பாரமாக இல்லை.

இரண்டாவது, மீந்த சோறு. பிள்ளைகள் தட்டில் விட்டதை, "வீணாகப் போகிறதே" என்று வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. கணக்கெழுதிப் பார்த்தபோது அது நாளுக்கு ஒரு கரண்டிச் சோற்றுக்கு மேல் வந்தது. அதன் பிறகு முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி வைப்பது என்று மாற்றிக்கொண்டோம். உலையில் போடும் அரிசியே குறைந்தது.

மூன்றாவதைச் சொல்லத்தான் வந்தேன். எடை குறைந்த பெண்ணைப் பார்த்தால் நம் ஊரில் முதல் கேள்வி "இளைத்துப் போய்விட்டாயே, உடம்புக்கு என்ன?" என்பது; இரண்டாவது, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சர்க்கரையா?" என்பது. ஒரு திருமணப் பந்தியில் இந்தக் கேள்வியை நான்கு பேர் கேட்டுவிட்டால், ஐந்தாமவர் கேட்பதற்குள் இலையில் விழுந்த இரண்டாவது இனிப்பைச் சாப்பிட்டுவிடுவோம். நலமாகத்தான் இருக்கிறேன் என்று காட்ட அது ஒரு வழியாகிவிடுகிறது. இதற்கு நான் கண்ட வழி, உடன் வருபவரிடம் முன்பே சொல்லி வைப்பது. என் நாத்தனார் பக்கத்தில் அமர்ந்தால், பரிமாறுபவரிடம் அவரே "அண்ணிக்குப் போதும்" என்று சொல்லிவிடுவார். நான் சொன்னால் உபசாரம் என்று நினைத்து இன்னொரு கரண்டி வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் சொன்னால் நகர்ந்துவிடுவார்கள். தை மாதமும் ஆவணி மாதமும் வந்தால் மாதத்துக்கு ஐந்தாறு பந்தி இருக்கும் ஊர் இது. பந்திக்கு ஒரு வழி வைத்துக்கொள்ளாமல் எடையைக் காப்பது இயலாது.

மஞ்சக்குப்பத்தான்

இருவருக்கும் நன்றி. சான்றிதழ் வாங்கிய நாளில் இருந்து என்னோடு இருந்த ஒரு குழப்பத்தைச் சகோதரி தெளிவாக்கிவிட்டார். என் மனைவி இன்றைக்கும் எனக்குத் தனியாகவும் பிள்ளைகளுக்குத் தனியாகவும் சமைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு கேள்வி. நாள்தோறும் எடை பார்க்க வேண்டும் என்று சிலரும், பார்த்தால் மனம் கெடும் என்று சிலரும் சொல்கிறார்கள். நேற்றுக் காலை 82.4, இன்று 83.6. ஒரே இரவில் ஒரு கிலோவுக்கு மேல் எப்படிக் கூடும்?

உணவியல் பணியாளர், புதுச்சேரி

அது கொழுப்பு அன்று, பெரும்பாலும் நீர். கருவாட்டுக் குழம்பு, அப்பளம், ஊறுகாய் என்று உப்பு கூடிய உணவுக்கு மறுநாள் உடல் நீரைப் பிடித்து வைக்கும். சோறு கூடுதலாகச் சாப்பிட்டாலும் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேரும்போது அதனுடன் நீரும் சேரும். மலச்சிக்கலும் பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாள்களும் எண்ணை ஏற்றும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி மிகையாக உண்ண வேண்டும்; ஒரே இரவில் அது நடக்காது. காலையில் கழிப்பறை சென்ற பின், ஒரே கருவியில், சமதளத் தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு நாள் எண்களின் சராசரியை மட்டும் மதியுங்கள்.

நாள்தோறும் பார்ப்பதற்கு ஆதாரம் உண்டு. ரீனா விங் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் எடை குறைத்திருந்த 314 பேரைப் பதினெட்டு மாதம் கவனித்தார்கள். எடை பார்க்கும் பழக்கத்தோடு மூன்று நிற எல்லைகளையும் கற்றுக்கொடுத்தார்கள். தொடக்க எடையில் இருந்து ஏறத்தாழ 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை; அதற்கு மேல் போனால் மஞ்சள், அன்றே உணவையும் நடையையும் சீர்ப்படுத்த வேண்டும்; 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு, எடையைக் குறைத்த காலத்து முறையை மீண்டும் தொடங்கி ஆலோசகரை அழைக்க வேண்டும். செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதத்தினர் அந்த 2.3 கிலோ எல்லையைத் தாண்டினார்கள். இணையவழிக் குழுவில் 55 சதவீதம். நேரில் கூடியவர்களில் 46 சதவீதம். எடை கூடுவது தெரிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததுதான் இதன் சிறப்பு என்று நான் கருதுகிறேன். அந்த எழுத்து இல்லாமல் கருவியில் ஏறுவது வெறும் மனவருத்தத்தையே தரும்.

உணவைக் கண்டு அஞ்சுவோர், வயிறார உண்டுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளோர், எண்ணைப் பார்த்ததும் நாள் முழுதும் பட்டினி கிடப்போர் ஆகியோர் நாள்தோறும் எடை பார்க்கவே கூடாது. அவர்கள் மனநல மருத்துவரின் துணையோடுதான் இந்தப் பாதையில் நடக்க வேண்டும்.

சிப்காட் இரவுப்பணி

எனக்கு வாரம் மாறி வாரம் இரவுப் பணி. பகலில் தூக்கம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. நள்ளிரவில் கேன்டீனில் பரோட்டாவும் சால்னாவும்தான் கிடைக்கும்; விழித்திருக்கத் தேநீர் குடிக்கிறோம். உங்கள் ஆலோசனைகள் எல்லாம் பகலில் வேலை செய்பவர்களுக்கு உரியவை. எங்களைப் போன்றவர்களுக்கு வழி உண்டா?

உணவியல் பணியாளர், புதுச்சேரி

உங்கள் கேள்வி மிக நியாயமானது, தம்பி. தூக்கம் குறைந்தால் பசி கூடுவது உறுதியாக அறியப்பட்ட ஒன்று. ஆகவே உங்களுக்கு முதல் மருந்து இருட்டாக்கிய அறையில் பகல் தூக்கம். அந்த நேரத்தில் வீட்டார் எழுப்பாமல் இருப்பதே அவர்கள் செய்யும் மிகப் பெரிய உதவி.

முழுச் சாப்பாட்டைப் பணிக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே முடியுங்கள். நள்ளிரவுக்குச் சுண்டலும் அவித்த முட்டை இரண்டும் வீட்டில் இருந்து கொண்டு போகலாம். புரதம் பசியை நெடுநேரம் தாங்கும். தேநீரைக் கணக்கிடுங்கள். ஒரு குவளைக்குச் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, ஏறத்தாழ 10 கிராம். ஓர் இரவுக்கு நான்கு குவளை என்றால் 40 கிராம், அதாவது பாலைச் சேர்க்காமலே 160 கிலோ கலோரி. நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேநீரை விட வேண்டாம். சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து விட்டுவிடுங்கள். மூன்று வாரத்தில் நாக்கு பழகிக்கொள்ளும்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை

நாங்கள் சில பெண்கள் சேர்ந்து பல ஆண்டுகளாக ஒரு சிறு குழு நடத்துகிறோம். பெயர் கிடையாது, கட்டணம் கிடையாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் கூடுவோம். எடை பார்க்கும் கருவியைத் திரைக்குப் பின்னால் வைத்திருப்போம். ஒவ்வொருவராகப் போய்த் தம் எண்ணைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டும். அடுத்தவர் எண்ணை யாரும் கேட்பதில்லை. வெளியே வந்து பேசும்போது அந்த மாதம் எது கடினமாக இருந்தது என்பதை மட்டும் சொல்வோம். மகளின் வளைகாப்பு, மாமனாரின் மருத்துவமனை வாசம், அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தம், பண்ருட்டிச் சம்பந்தி கொடுத்தனுப்பிய முந்திரிப் பை என்று காரணங்கள் வரும். மற்றவர்கள் தாம் அதை எப்படிச் சமாளித்தோம் என்று சொல்வார்கள்.

எங்கள் அனுபவத்தில் கண்ட உண்மை ஒன்று உண்டு. எடை கூடியவர்தான் முதலில் வராமல் நிற்பார். "இந்த மாதம் விருந்தாளிகள், அடுத்த மாதம் வருகிறேன்" என்று செய்தி வரும். அடுத்த மாதம் செய்தியும் வராது. ஆகவே ஒருவர் ஒரு முறை வராவிட்டால் அந்த வாரமே இருவர் அவர் வீட்டுக்குப் போவோம். எடையைப் பற்றி வாயே திறக்க மாட்டோம். மாலையில் சேர்ந்து நடக்கக் கூப்பிடுவோம். பெரும்பாலும் அடுத்த மாதம் வந்துவிடுவார். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள் என்று குழு தொடங்க விரும்புபவர்களுக்குச் சொல்வேன்.

நடை பற்றியும் எழுத வேண்டும். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தின்படி மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அமைந்தது. புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை வாகனம் இல்லாமல் கிடைக்கிறது, அது பெரும்பேறு. ஆனால் நம் பகுதியில் ஐப்பசியும் கார்த்திகையும் நடையைக் கெடுத்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு வாரக்கணக்கில் தெருவில் கால் வைக்க முடியாத பகுதிகள் இருந்தன. அந்த மாதம் எங்கள் குழுவில் பலருக்கு எடை ஏறியது. அதன் பிறகு மழைக்கால அட்டவணை ஒன்று வகுத்துக்கொண்டோம். வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்குதல், சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால், நாற்காலியில் அமர்ந்து எழுதல், தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்களைத் தூக்குதல் ஆகியவற்றை நேரம் குறித்துக்கொண்டு தொலைபேசியில் சேர்ந்து செய்கிறோம்.

உணவியல் பணியாளர், புதுச்சேரி

ஆசிரியை அம்மா, வராதவர் வீட்டுக்கு முதலில் போவது என்ற உங்கள் வழக்கத்தை என் மருத்துவமனை நண்பர்களிடம் சொல்லப் போகிறேன். நாங்கள் வந்தவர்களுக்கு மட்டும்தான் மருத்துவம் பார்க்கிறோம்.

நடைக்கு ஓர் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவான உடல்நலத்துக்கு வாரம் 150 நிமிடம் என்பார்கள்; குறைத்த எடையைக் காக்க 200 முதல் 300 நிமிடம் வரை வேண்டும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் பரிந்துரைத்தது. 1994 முதல் எடை காப்போரைப் பதிவு செய்துவரும் அமெரிக்கப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை இயக்குகிறார்கள். முக்கால் பங்கினர் வாரத்துக்கு ஒரு முறையேனும் எடை பார்க்கிறார்கள். அவர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

நெல்லித்தோப்பு

இத்தனை பாடு எதற்கு என்று கேட்க வந்தேன். என் உறவினர் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு பதினைந்து கிலோ குறைத்துவிட்டார். பசியே இல்லை என்கிறார். உணவியல் அம்மா பசிதான் சிக்கல் என்கிறார். ஊசி பசியை அடக்குகிறது. அப்படியானால் சிக்கல் தீர்ந்ததல்லவா?

உணவியல் பணியாளர், புதுச்சேரி

அந்த ஊசிகள் உண்மையான மருந்துகள்; தேவைப்படுவோருக்குப் பெரும் நன்மை செய்பவை. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி நாள்தோறும் வருகிறது. ஆனால் நிறுத்தினால் என்ன ஆகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். வெகோவியில் உள்ள மருந்தான செமாகுளூடைடு ஊசியால் சராசரியாக 17 சதவீதம் எடை குறைத்தவர்கள் ஊசியையும் அதனோடு தரப்பட்ட ஆலோசனையையும் நிறுத்தியபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையைப் போல நெடுங்காலம் எடுக்க வேண்டிய மருந்தாகவே அதைக் கருத வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே குடும்பத்தோடு பேசுங்கள். பசி இல்லாத காலத்தில் புரதம் குறைந்து தசையும் கரையும் என்பதால், முட்டை, மீன், பருப்பு, தயிர் ஆகியவற்றை உண்பதையும் எடை தூக்கும் பயிற்சியையும் விடக் கூடாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் யாரும் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

முதுநகர் வாசி

எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தேன். உடல் இப்படி எதிர்த்து நிற்கும் என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனாலும் முதல் கவளத்தை எடுக்கும் கை நம்முடையது என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆசிரியை அம்மாவின் குழுவில் சேர்வதற்கும் ஒருவர் தானே எழுந்து வர வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தேகம். வீட்டில் சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சாப்பிடுகிறோம். எடை குறையும் என்றார்கள். எனக்கு ஒரு கிலோகூடக் குறையவில்லை.

உணவியல் பணியாளர், புதுச்சேரி

ஐயா, கேழ்வரகிலும் அரிசியிலும் கலோரி ஏறத்தாழ ஒன்றேதான். நூறு கிராம் மாவுக்கு 320 முதல் 350 கிலோ கலோரி வரை வரும். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கூடுதல் என்பதால் அது நல்ல உணவுதான். ஆனால் இரண்டு பெரிய உருண்டைக் களி சாப்பிட்டால் இரண்டு தட்டுச் சோற்றுக் கணக்கு வந்துவிடும். உருண்டையின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் முருங்கைக்கீரையும் காயும் வையுங்கள். துறைமுகத்துக்கு அருகில் இருக்கிறீர்கள். மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்கும் நாளில் பொரிக்காமல் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்

என் திட்டத்தை எழுதி வைக்கிறேன். குறை இருந்தால் திருத்துங்கள். வீட்டில் ஒரே சமையல். எண்ணெய் அளந்து வைப்பது. இதற்கு மனைவி ஒப்புக்கொண்டார், பிள்ளைகளிடம் அவரே பேசுகிறார். மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பதற்குப் பதிலாக அண்ணா விளையாட்டரங்கில் நடை. கிளம்பும் முன் ஒரு கிண்ணம் சுண்டல். அலுவலக நண்பர் ஒருவர் மாதத்தின் முதல் திங்களன்று என் ஏழு நாள் சராசரியைக் கேட்டு வாங்குவதாக ஏற்றுக்கொண்டார். அவர் தம்முடையதை எனக்குச் சொல்வார். 79ஐ அடிப்படையாக வைத்தால் 81.3 சிவப்பு எல்லை. நான் ஏற்கெனவே சிவப்பில் இருக்கிறேன். உடனே 79க்குப் போக வேண்டுமா? சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரையும் எடுக்கிறேன்.

உணவியல் பணியாளர், புதுச்சேரி

கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும், ஐயா. உணவைக் குறைத்து நடையைக் கூட்டும்போது அந்த மாத்திரையால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்குத் தாழக்கூடும். புதிய முறையைத் தொடங்கும் முன்பே உங்கள் மருத்துவரைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். நடைக்குப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் நின்று அதை உட்கொள்ளுங்கள்.

79க்கு ஓட வேண்டாம். 94இல் இருந்து 83 என்பதே ஏறத்தாழ 12 சதவீதக் குறைவு. நீரிழிவு உள்ள 5,145 பேரைச் சேர்த்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், தீவிர ஆலோசனை பெற்ற பிரிவினர் எட்டாம் ஆண்டு முடிவில் சராசரியாகக் காத்து நின்றதே 4.7 சதவீதம்தான். நீங்கள் தோற்றவர் அல்லர். அந்த ஆறு மாதக் குறிப்பேட்டின் நடுப்பகுதியை எடுத்து, அதே உணவை மீண்டும் தொடங்கி 81க்கு வாருங்கள். அங்கே மூன்று மாதம் நின்ற பிறகு அடுத்ததைப் பேசலாம். அதுவரை சிவப்பு எல்லை 83.3 என்று நண்பரிடம் சொல்லி வையுங்கள். அதைத் தாண்டினால் முதல் திங்கள் வரை காத்திராமல் அன்றே அவரை அழைக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை

அந்த நண்பருக்கும் ஒரு செய்தி: இவர் அழைக்காமல் இருந்துவிட்டால், நீங்கள் அழையுங்கள்.